இடப்பக்கம் உட்கார்ந்த வண்டி

அப்பாவை எடுத்துப்போக வந்த வண்டி நொண்டிக்கொண்டு வந்து நின்றது.

தெருமுனையில் திரும்பும்போதே சின்னவள் அதைக் கவனித்துவிட்டாள். நீளமான கறுப்பு வண்டி, பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்கு உள்ளே வெள்ளைத் திரை. முன்பக்கம் ஒழுங்காக நிமிர்ந்திருந்தது. பின்னால் இடதுபக்கம் மட்டும் அப்படியே உட்கார்ந்துபோய், சக்கரத்தின் மேல்பகுதி தகட்டுக்குள் புதைந்து கிடந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பின் பம்பர் தரையில் உரசிய சத்தத்தில், வாசலில் வாடகை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உள்ளே பெண்கள் அதைப் பற்றித்தான் காதைக் கடித்துக்கொண்டிருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் அவளிடம் "வந்துட்டியா" என்று ஒரு வார்த்தை கேட்டதோடு சரி. அவளும் "ம்" என்றதோடு சரி. பல வருஷங்களில் இருவருக்கும் நடந்த நீண்ட பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

வீடு பட்டறைக்குப் பின்னால் இருந்தது. முன்னால் இரண்டு வண்டிகள் நிற்கிற அளவுக்கு சிமெண்டுத் தரை போட்ட பட்டறை, அதைத் தாண்டினால் கூடம், கூடத்தில் சவப்பெட்டி. அப்பா கட்டியது எல்லாம். கடைசி வரை காலையில் வந்து ஷட்டரைத் தூக்கியதும் அவர்தான். வேலை முழுவதையும் பார்த்தது அண்ணன்.

ஓட்டுநர் இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர். சாவு வீட்டுக்கென்றே பழக்கிவைத்த மெல்லிய குரல்.

"காலைல நல்லாத்தான் சார் இருந்துச்சு. வழியிலதான் இப்படி இறங்கிருச்சு."

"இப்படியே போலாமா?" என்று அண்ணன் கேட்டான்.

"வெறும் வண்டியா வந்ததுக்கே உரசுது. பெட்டிய ஏத்தி, ரெண்டு பேரு கூட உக்காந்தா டயர் கிழிஞ்சிரும் சார்."

"வேற வண்டி அனுப்பச் சொல்லுங்க."

"இன்னொண்ணு வெளியூர் போயிருக்கு. சாயங்காலம் ஆயிரும்."

சித்தப்பா எழுந்து வந்துவிட்டார். அப்பாவின் ஒரே தம்பி. எந்த வீட்டில் என்ன நடந்தாலும் நடுவில் நின்று கைகாட்டி வழிநடத்துகிறவர். "சாயங்காலமா? மயானத்துல மதியத்துக்குக் குடுத்திருக்கான். விட்டா நாளைக்குன்னு கையை விரிச்சிருவான். பேசாம ஒரு லோடு ஆட்டோ பிடிச்சு ஏத்திருவோம்."

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அழுதழுது கம்மிப்போன குரல், ஆனால் வார்த்தை தெளிவாக விழுந்தது. "அவரு என்ன சிமெண்ட் மூட்டையா?"

அதோடு லோடு ஆட்டோப் பேச்சு முடிந்தது.

அண்ணன் குனிந்து வண்டியின் அடியில் பார்த்தான். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கும் இல்லை, சுருள் ஸ்பிரிங்கும் இல்லை. சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர்க் காற்றுப் பைகள். அவன் பட்டறைக்கு இந்த மாதிரி வண்டி எப்போதாவது ஒன்று வரும்; வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவான். நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் நின்ற பக்கமாகச் சொன்னான்.

"இது உன் வேலைதானே?"

"தினம் பாக்குறதுதான்."

"எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"பாத்தாத்தான் தெரியும். உள்ள தள்ளச் சொல்லு. தரை மட்டமா இருக்கணும்."

வண்டியைப் பட்டறைக்குள் விட்டார்கள். சுவரில் ஆணியில் இரண்டு நீலக் கோட்டுகள் தொங்கின. ஒன்று அப்பாவுடையது, காலர் நைந்து, பையில் இன்னும் கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டிருந்தது. அவள் கை அதைத் தொடாமல் தாண்டிப் போய் அண்ணனுடையதை எடுத்தது. மேலே மாட்டி, கையை மடித்துவிட்டுக்கொண்டாள். வாசலில் யாரோ ஒரு பெண்மணி "அடக் கொடுமையே" என்றது கேட்டது.

எஞ்சினைப் போடச் சொன்னாள். பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் முனகியது, கொஞ்ச நேரத்தில் நின்றது. வலதுபக்கம் சரியாக இருந்தது. இடதுபக்கம் ஒரு நூல்கூட எழும்பவில்லை. சோப்புத் தண்ணீர் கலக்கி, டார்ச் அடித்து, வெளியில் நின்றபடியே நீளப் பிரஷ்ஷால் பையின் மேலும் குழாயின் மேலும் தடவிப் பார்த்தாள். ஒரு குமிழி இல்லை.

"பை ஓட்டையில்ல. உள்ள பாருங்க, சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு சின்னத் தண்டு. எவ்வளவு உயரத்துல நிக்கிறோம்னு வண்டிக்குச் சொல்றது அதுதான். எதுலயோ அடிபட்டு இடம் மாறியிருக்கு. 'ரொம்ப உயரமா இருக்க, ரொம்ப உயரமா இருக்க'ன்னு அது சொல்லிட்டே இருக்கு. வண்டியும் காத்த விட்டுட்டே இருக்கு."

ஓட்டுநர் பயபக்தியோடு தலையாட்டினார். "போன வாரம் ஒரு கல்லுல ஏறுச்சு மேடம். நான் ஆபீஸ்ல சொல்லல."

"ரெண்டு நிமிஷ வேலை" என்று அண்ணன் சொன்னான். ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்து பாடிக்கு அடியில் கொடுத்து ஏற்றினான். சக்கரத்துக்கு மேல் இடைவெளி விழுந்ததுமே ஸ்பானரை எடுத்துக்கொண்டு படுக்கப் போனான்.

"ஸ்டாண்ட் வைக்காம போகாத."

"நட்டத் தளத்தி, தள்ளி, இறுக்குறதுக்கு ஸ்டாண்டா?"

"அந்த நட்ட அந்தரத்துல வச்சு இறுக்க முடியாது. வண்டி தன் சொந்தக் காத்துல, சொந்தச் சக்கரத்துல நிக்கும்போதுதான் அளவு சரியா வரும். அப்போ ஜாக்கிய எடுத்தாகணும். எடுத்தா மேல இருக்கிற எடை பூரா காத்து மேலதான் நிக்கும். காத்து போறதுன்னா சொல்லிட்டுப் போகாது." அவள் ஓட்டுநரிடம் கையை நீட்டினாள். "சாவி குடுங்க."

சாவியை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுப் பொத்தானைப் போட்டாள். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தாள். முக்காலி மாதிரியான இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை இழுத்து வந்து, பாடியின் கனத்த இரும்பு எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பார்த்து, அதன் கீழே நிறுத்தினாள். எல்லாவற்றையும் செய்து முடிக்க ஏதோ ஒரு யுகம் ஆனதுபோல் வாசல் பக்கம் பெருமூச்சு விட்டார்கள்.

"ஏம்மா, செத்தவரு காத்துட்டிருக்காரு" என்றார் சித்தப்பா. "நீ கோயில் கட்டுற மாதிரி ஒவ்வொண்ணா அடுக்கிட்டிருக்க."

"அவருக்கு அவசரமில்ல சித்தப்பா" என்றாள் அவள்.

அண்ணனின் வலது கையில் ஸ்பானர் இருந்தது. அந்தக் கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அடியோடு இல்லை.

அது எப்படிப் போனது என்று ஊர் உறவெல்லாம் சொல்கிற கதை ஒன்று உண்டு. பெரியவன் பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டறைக்கு வந்த புதிது, ஜாக்கியைச் சரியாகக் கொடுக்காமல் வண்டிக்கு அடியில் போனான், ஜாக்கி நழுவியது, தெய்வாதீனமாக இரண்டு விரலோடு போயிற்று. பெரியவனே ஆஸ்பத்திரியில் அதைத்தான் சொன்னான்.

சின்னவள் பார்த்தது வேறு. அன்று அவள் இதே தரையில், சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தாள். வண்டிக்காரர் ஒருவர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அப்பா முகம் சிவந்துபோய், "எவ்வளவு நேரம்டா, எழுந்து வாடா" என்றார். அடியிலிருந்து அண்ணன் "ஒரு நிமிஷம்பா" என்றான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களையும் அப்பா பார்த்தார். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் அப்பா ஜாக்கியின் பிடியைத் திருகி வண்டியை இறக்கினார்.

கொல்ல நினைத்தாரா? இல்லை. பயந்துபோய் வெளியே வரட்டும் என்று நினைத்திருப்பார். கோபம் வந்தால் அவர் கை எதையாவது செய்துவிட்டுத்தான் யோசிக்கும். அண்ணனின் அலறல் கேட்டதும் அவரே ஜாக்கியை மறுபடி ஏற்றினார், ரத்தத்தைப் பார்த்ததும் சொன்னார்: "கைய யாருடா உள்ள வைக்கச் சொன்னா?"

அவள் இதை அம்மாவிடம் சொன்னாள். பொய் சொல்லாதே என்றாள் அம்மா; அப்பா கன்னத்தில் அறைந்தார். சித்தப்பாவிடம் சொன்னாள். பொய்க்காரி என்று பெயர் வந்தது. எல்லாவற்றுக்கும் மேல், அண்ணனே அவளைப் பார்த்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "உனக்கு ஏன் இந்த வேலை? நான்தான் சரியா வைக்கல" என்றான். அறை வலித்த வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. இது போகவில்லை. படிப்பு முடிந்ததும் வேறு ஊரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் வேலை தேடிக்கொண்டு போனவள், நல்லது கெட்டதுக்கு மட்டும் தலைகாட்டினாள்.

முதலில் அவள்தான் வண்டிக்கு அடியில் போனாள். நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு, மூச்சைப் பிடித்துத் திருகினாள். அசைந்து கொடுத்தது. தண்டைக் கண்ணளவில் சரியான இடத்துக்குத் தள்ளி, லேசாக இறுக்கிவிட்டு வெளியே வந்தாள். ஜாக்கியை இறக்கி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, சாவியைப் போட்டாள். கம்ப்ரசர் முனகியது. செத்தது எழுந்த மாதிரி வண்டியின் இடதுபக்கம் மெல்ல மெல்ல எழும்பியது. வாசலில் யாரோ கைதட்டப் போய், எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

"ஆச்சுல்ல?" என்றார் சித்தப்பா.

அவள் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு டேப்பை இழுத்தாள். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மேலே தகட்டின் விளிம்பு வரை. வலதுபக்கம் ஒன்று, இடதுபக்கம் ஒன்று. இடதுபக்கம் இன்னும் ஒரு விரல்கடை தாழ்ந்தே இருந்தது.

"இதுவே போதும்" என்றான் அண்ணன்.

"போதாது. பெட்டியும் ஆளும் ஏறினா இந்த ஒரு விரல் மூணு விரலாகும். வளைவுல பெட்டி சரியும்." அவள் ஸ்டாண்டுகளை ஒவ்வொரு பல்லாக மேலே ஏற்றினாள். பாடிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைகிற இடைவெளி. "தள்ளு, நான் போறேன்."

"நீ படுத்து எழுந்தது போதும், எல்லாரும் பாக்குறாங்க. படுக்கவே வேணாம், பக்கத்துலேர்ந்தே கை விட்டுரலாம்." அவன் சக்கரத்தருகே முட்டி போட்டு உட்கார்ந்தான். மூன்று விரல் கையைத் தூக்கிக் காட்டினான். "இந்தக் கை எந்தச் சந்துலயும் போகும். அதுக்குன்னே செதுக்கினது."

அவனாக அந்தக் கையைப் பற்றி வேடிக்கையாகப் பேசி அவள் கேட்டதில்லை. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஸ்பானரைக் கொடுத்தாள். அவன் டயருக்கு மேலே, தகட்டுக்கு அடியில், தோள் வரை கையை விட்டான்.

"அரைச் சுத்துத் தளத்து. தண்டு ஒரு நூல் மேல வரணும். அவ்வளவுதான்."

"ம்."

"கெடைச்சுதா?"

"கெடைச்சிருச்சு. டார்ச்ச இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் அடி."

அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். அவன் கழுத்தில் வியர்வை ஓடியது. காதோரம் நரை விழுந்திருந்தது. இவ்வளவு பக்கத்தில் அவனைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தாள்.

அந்த நேரத்தில் சித்தப்பா சும்மா நிற்கவில்லை. வண்டி எழும்பிவிட்டது, இனி என்ன, பெட்டியைக் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டே இருக்கலாம் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. உள்ளே போய் நாலு பேரைக் கூட்டிப் பெட்டியைத் தூக்கவைத்து, பட்டறைப் படிவரை கொண்டுவந்துவிட்டார். பின்கதவைத் திறந்தார். ஏற்றுவதற்கு உயரமாக இருந்தது. கதவுக்கு உள்பக்கம், கீழ்நோக்கிய அம்பு போட்ட ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. ஓட்டுநர் கை கழுவக் குழாயடிக்குப் போயிருந்தார்.

முதலில் கேட்டது ஒரு சீறல். பாம்பு சீறுவதுபோல் அல்ல, பெரிய மனிதர் ஒருவர் பல்லிடுக்கில் மூச்சை விடுவதுபோல. அவளுக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. தெரிந்தும் வாய் திறக்க நேரமில்லை. கறுப்புத் தகடு அவள் கண்ணெதிரே அண்ணனின் தோளை நோக்கி இறங்கியது.

இரும்பு இரும்பில் மோதியது. சத்தம் பட்டறை முழுக்க அதிர்ந்தது. மேசையிலிருந்து ஒரு டப்பா உருண்டு விழுந்தது.

வண்டி ஸ்டாண்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தது. காற்று இன்னும் சீறிக்கொண்டிருந்தது. அவ்வளவு காற்றும் போனபிறகும் வண்டி அதற்குமேல் ஒரு மயிரிழை இறங்கவில்லை. டயருக்கும் தகட்டுக்கும் நடுவே அண்ணனின் கை இருந்தது. நசுங்காமல் இருந்தது. சட்டை மட்டும் தோளில் கிழிந்திருந்தது.

"கைய எடு" என்றாள் அவள். அவன் அசையவில்லை. "அண்ணா. கைய வெளிய எடு."

அவன் மெதுவாகக் கையை உருவினான். அப்படியே தரையில் உட்கார்ந்தான். மூன்று விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை. சாவி அவள் பையில்தான் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஓட்டுநர் ஈரக் கையோடு ஓடிவந்தார். "ஐயோ, அந்தப் பொத்தான் சாவி இல்லாமலே வேலை செய்யும் மேடம். பெட்டி ஏத்த வசதியா இருக்கட்டும்னு பாடி கட்டினவங்க பேட்டரிலேர்ந்து நேரா வயர் இழுத்திருக்காங்க. சொல்லணும்னே தோணல."

சித்தப்பா பொத்தானிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவரும் பயந்துதான் போயிருந்தார். பயத்தை மறைக்கக் குரலை உயர்த்தினார். "சரி சரி, ஒண்ணும் ஆகலையே. கதவத் திறந்து ஏத்தப் போறோம்னு தெரியுதில்ல? கைய யாரு உள்ள வைக்கச் சொன்னா?"

பெட்டியைத் தூக்கி நின்ற நாலு பேரும் எடை தாங்காமல் கால் மாற்றிக்கொண்டார்கள்.

அண்ணன் தலை நிமிர்ந்தான்.

"அவரும் இதையேதான் சொன்னாரு."

"யாரு?"

"அப்பா. ஜாக்கிய விட்ட அன்னைக்கு. வார்த்தை மாறாம இதையேதான் சொன்னாரு."

"என்னடா உளர்ற? ஜாக்கி நழுவுச்சுன்னு நீதானே சொன்ன."

"சொன்னேன். நழுவல. அவரு விட்டாரு. நான் அடியில இருக்கேன்னு தெரிஞ்சு விட்டாரு. அவ சொன்னதுதான் நெஜம்."

இத்தனை வருஷமாக இந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று அவள் எத்தனையோ விதமாகக் கற்பனை செய்திருக்கிறாள். பஸ்ஸில், வேலை இடத்தில், தூக்கம் வராதபோது. கேட்டதும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. பெட்டி படியில் நின்றது; கேட்க வேண்டியவர் அதற்குள் கிடந்தார்; இவன் இப்போது சொல்கிறான். அவளுக்குக் கோபம்தான் பொங்கியது.

"நட்ட இறுக்கினியா?" என்று கேட்டாள்.

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"பெட்டிய உள்ள கொண்டுபோய் வைங்க" என்று நாலு பேரிடமும் சொன்னாள். "நான் கூப்பிடுற வரைக்கும் யாரும் வண்டிப் பக்கம் வர வேணாம்."

பேட்டரி மூடியைத் திறந்து, ஓட்டுநர் காட்டிய வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றினாள். மிச்ச வேலையை அவளே செய்தாள். ஜாக்கியால் பாடியைத் தூக்கினாள். சாவியைப் போட்டுப் பைகளில் மறுபடி காற்று நிறைந்த பிறகு ஜாக்கியை இறக்கி, வண்டி தன் காலில் நின்றதும் சாவியை எடுத்தாள். கீழே ஸ்டாண்டுகள் நிற்க, கையை விட்டு, தண்டை ஒரு நூல் நகர்த்தி, நட்டை இறுக்கினாள். ஒருமுறை வால்வில் காற்றை இறக்கி, சாவியைப் போட்டு ஏற்றி, இரண்டு பக்கமும் அளந்தாள். சமமாக இருந்தது. அதன் பிறகுதான் ஸ்டாண்டுகளை எடுத்தாள். அவள் டேப்பைப் பிடித்தபோது மறுமுனையை அண்ணன் வந்து பிடித்தான். இருவரும் மாறிமாறி அளவை வாய்விட்டுச் சொன்னார்கள்.

மயானத்துக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் அண்ணனும் சித்தப்பாவும் உட்கார்ந்தார்கள். சித்தப்பா வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவள் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தாள். வளைவுகளில் வண்டி சரியவில்லை. நல்ல வேலை என்று ஓட்டுநர் தாழ்ந்த குரலில் சொன்னபோது அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை அப்பாவுக்கான அழுகை என்று அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

வந்தவர்கள் கலைந்து, நாற்காலிக்காரன் நாற்காலிகளை அள்ளிக்கொண்டு போன பிறகு, மூவரும் சமையலறையில் இருந்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பட்டறையில் நடந்தது அவள் காதுக்கு எப்படியும் வந்திருக்கும். ஆனாலும் அண்ணன் எதிரே உட்கார்ந்து, ஒன்று விடாமல் தானே சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, "சின்னவ பொய் சொல்லலம்மா" என்றான்.

அம்மா அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல் இல்லாத இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"தெரியும்" என்றாள்.

சின்னவள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"அன்னைக்கே அவரு சொல்லிட்டாரு. தலையில தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. கைய எடுத்துருவான்னு நெனச்சேன், எடுத்துருவான்னு நெனச்சேன்னு அதையே சொல்லிட்டிருந்தாரு."

"தெரிஞ்சுமா என்னைப் பொய்க்காரின்ன?" என்றாள் சின்னவள்.

அம்மா அவளை நேராகப் பார்த்தாள். அந்த முகத்தில் வெட்கம் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். களைப்பு மட்டும்தான் இருந்தது. "வேற என்ன பண்ணச் சொல்ற? புள்ள கைய அப்பனே நசுக்குனான்னு ஊரெல்லாம் பேசினா, அந்தப் பட்டறைக்கு எவன் வண்டி கொண்டுவருவான்? கையும் போயி, வீடும் போகணுமா? நீ எப்படியும் பொழைச்சுக்குவ. உனக்கு வாய் இருந்துச்சு. இவனுக்கு இந்தப் பட்டறையவிட்டா என்ன இருந்துச்சு?"

சின்னவள் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

இன்னும் சில நாள் இருப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மறுநாள் காலை பையைத் தூக்கிக்கொண்டாள். அம்மா தூங்குவதாகப் படுத்திருந்தாள். மூச்சு தூங்குகிற மூச்சாக இல்லை. அண்ணன் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான். பையை அவள் கையிலிருந்து பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

நிறுத்தத்தில் நின்றபிறகு, கேட்காமலே சொன்னான். "ஆஸ்பத்திரில கட்டில் பக்கத்துல வந்து உக்காந்தாரு. 'ஜாக்கி நழுவிருச்சில்ல'ன்னாரு. கேக்குற மாதிரியே இல்ல. நான் தலையாட்டிட்டேன். ஒரு தடவை ஆட்டின தலைய அப்புறம் எப்படி மாத்தி ஆட்டுறதுன்னு தெரியல. நீ ஒவ்வொரு தடவை வாயத் தொறக்கும்போதும் எனக்கு உன்மேலதான் ஆத்திரமா வந்துச்சு. அவர்மேல வரல."

"எனக்கும் உன்மேலதான் வந்துச்சு" என்றாள் அவள். "அவர்மேல வந்ததவிட."

அவன் தலையை ஆட்டினான். எதிர்ப்பக்கக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே இவர்களைப் பார்த்துத் துக்கத்துக்குத் தலை தாழ்த்தினார். இருவரும் பதிலுக்குத் தலை தாழ்த்தினார்கள்.

"பட்டறைய இன்னும் ரெண்டு நாள் கழிச்சுத் திறக்கலாம்னு இருக்கேன்" என்றான்.

"திற. அந்த ஸ்டாண்டுல ஒண்ணுக்குப் பல்லு தேஞ்சிருக்கு. நேத்து தாங்கிருச்சு. இன்னொரு தடவை நம்பாத. புதுசு வாங்கு."

"வாங்குறேன்."

பஸ் வந்தது. பையைக் கொடுக்கும்போது அவன் அவள் தலையில் கையை வைத்து எடுத்தான், சின்ன வயதில் செய்வதுபோல, ஆனால் கூச்சத்தோடு. அவள் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பஸ் நகரும்வரை இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் வாங்கினான். வாங்கியதைச் சொல்ல ஒரு வாரத்தில் போன் செய்தான். பிறகு அவ்வப்போது செய்தான், பெரும்பாலும் ஏதாவது வண்டியைப் பற்றிக் கேட்க. அவளும் எடுத்துப் பதில் சொன்னாள். சித்தப்பா அதற்குப் பிறகு பட்டறைப் பக்கம் வரவில்லை என்று ஒருமுறை சொன்னான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அம்மாவின் அழைப்பை எடுக்க மட்டும் அவளுக்கு நெடுநாள் பிடித்தது. ஒருநாள் மதியம், சாப்பாட்டு இடைவேளையில், கை கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு எடுத்துவிட்டாள். சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டாள். சாப்பிட்டேன் என்றாள். அங்கே மழையா என்று கேட்டாள். இல்லை என்றாள். ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள், போனை வைக்கவில்லை. பிறகு, வேலை இருக்கும், போ என்று அம்மாவே வைத்துவிட்டாள்.